சோதனை செய்யப் புறப்படும் பிள்ளைகளுக்கு

உளவியல் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட் தலைப்பை எழுதி எடுத்துக்கொண்டு வரும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான். "நீ எதிர்பார்க்கிற முடிவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள். அந்த முடிவுக்கு வேறு என்னென்ன காரணம் சொல்லலாம்?" பலர் திகைத்துப் போவார்கள். எந்த டெஸ்ட் போடுவது, எத்தனை பேரிடம் வாங்குவது என்பதையெல்லாம் யோசித்து வந்திருப்பார்கள், இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஆய்வு வடிவமைப்பு என்று பாடப் புத்தகம் சொல்வது முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். வேறு விளக்கங்கள் ஒவ்வொன்றையும் வாசலிலேயே மறித்து நிறுத்துகிற ஏற்பாடு அது. கீழே சொல்லியிருப்பவற்றை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

1. "தாக்கம்" என்று தலைப்பு வைக்கும் முன், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

"மாணவர்களின் உறக்கத்தில் கைபேசிப் பயன்பாட்டின் தாக்கம்" என்று தலைப்பு. உள்ளே பார்த்தால் இருநூறு பேரிடம் இரண்டு கேள்வித்தாள்கள் நிரப்பி வாங்கி, இரண்டுக்கும் ஒட்டுறவு கணக்கிட்டிருப்பார்கள். உறக்கம் வராதவர்தான் நள்ளிரவில் கைபேசியை எடுக்கிறாரோ என்னவோ? வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு கவலை இரண்டையும் சேர்த்தே கிளப்பிவிடுகிறதோ? அந்த ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒட்டுறவு ஆய்வு தாழ்ந்ததல்ல. பல கேள்விகளுக்கு அதைத் தவிர வழியே கிடையாது. அப்போது "தொடர்பு" என்று எழுதுங்கள், போதும். சோதனை என்றால் நீங்கள் ஒன்றை மாற்ற வேண்டும், மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும், அதன்பின் விளைவை அளக்க வேண்டும். மாற்றுவது சாரா மாறி, அளப்பது சார்ந்த மாறி. பாலினமும் வயதும் பிறந்த ஊரும் நீங்கள் யாருக்கும் கொடுக்கக்கூடியவை அல்ல. அவற்றை வைத்து ஒப்பிடலாமே தவிர, அதைச் சோதனை என்று சொல்லக் கூடாது.

2. ஹான்ஸ் என்ற குதிரையின் கதையை முழுதாகப் படியுங்கள்.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஆசிரியர் வளர்த்த குதிரை அது. கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு கூடிப் பார்த்தது, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றது. உண்மையிலேயே ஏமாற்று இல்லைதான். அதன்பின் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் வந்தார். அவர் செய்தது இரண்டு எளிய மாற்றங்கள். கேட்பவருக்கே விடை தெரியாதபடி சில கேள்விகளை அமைத்தார். குதிரையின் கண்ணுக்குக் கேட்பவர் தெரியாதபடி சில தடவை மறைத்தார். இரண்டிலும் ஹான்ஸ் தோற்றது. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றுக் குனிவார், சரியான எண் வந்ததும் அவரை அறியாமலே தலை நிமிரும். குதிரை படித்தது அந்த அசைவைத்தான். ஃபுங்ஸ்ட் அதோடு விடவில்லை. ஆய்வகத்தில் தானே குதிரையின் இடத்தில் இருந்து, எதிரே இருப்பவர் மனத்தில் நினைத்த எண்ணை அவர் தலையசைவைக் கொண்டே தட்டிக் காட்டினார்.

இதில் நான் வியப்பது அவர் கூர்மையை மட்டுமல்ல. குதிரைக்குக் கணக்குத் தெரியுமா என்று விவாதித்துக்கொண்டே இருந்தவர்கள் நடுவில், "கணக்குத் தெரியும் என்றால் எது நடக்க வேண்டும், தெரியாது என்றால் எது நடக்க வேண்டும்" என்று பிரித்து, இரண்டும் வேறு வேறாகத் தெரியக்கூடிய ஒரு நிலைமையை அவர் உண்டாக்கினார். 1907-இல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வு இன்றும் முதல் வகுப்புப் பாடம்.

3. யார் எந்தக் குழுவில் என்பதை உங்கள் மனம் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் வந்த இருபது பேர் சோதனைக் குழு, பின்னால் வந்தவர்கள் கட்டுப்பாட்டுக் குழு என்று பிரிக்கிறார்கள். முதலில் வருகிறவர் ஆர்வமுள்ளவராக இருப்பார். காலை வகுப்பு ஒரு குழு, மாலை வகுப்பு இன்னொரு குழு என்றால் களைப்பும் பசியும் உள்ளே நுழைந்துவிடும். "எனக்குத் தோன்றியபடி மாற்றி மாற்றிப் போட்டேன்" என்பதும் சமவாய்ப்பு ஆகாது. சீட்டுக் குலுக்குங்கள், அல்லது சமவாய்ப்பு எண் அட்டவணையை எடுங்கள்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1884-இல் சார்லஸ் பியர்ஸும் ஜோசஃப் ஜாஸ்ட்ரோவும் மிகச் சிறிய எடை வேறுபாடுகளை மனிதர்கள் உணர்கிறார்களா என்று சோதித்தார்கள். கனமானது முதலில் வருமா, லேசானது முதலில் வருமா என்பதைக் கலைத்த சீட்டுக்கட்டை வைத்துத் தீர்மானித்தார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர், சோதனை வடிவமைப்பு பற்றித் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1935-இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே உளவியல் ஆய்வகத்தில் சமவாய்ப்பு நுழைந்துவிட்டது. நம் துறையின் பெருமைகளில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன்.

சமவாய்ப்பு ஒதுக்கீடு ஏன் இவ்வளவு பெரிது? நீங்கள் அளந்த வேறுபாடுகளை மட்டுமன்றி, அளக்காதவற்றையும், பெயரே தெரியாதவற்றையும் சேர்த்து இரு குழுவிலும் பரப்பிவிடுகிறது. ஆனால் குழுவுக்கு எட்டுப் பேர் என்றால் அந்தப் பரப்பல் சரியாக நடக்கும் என்று நம்ப முடியாது. இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மக்கள்தொகையிலிருந்து ஆட்களைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுப்பது வேறு, தேர்ந்தெடுத்தவர்களைக் குழுக்களுக்குச் சமவாய்ப்பில் ஒதுக்குவது வேறு. முன்னது முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும் என்பதைச் சொல்லும். காரணம் எது என்று சொல்லப் பின்னது வேண்டும். வைவாவில் இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

4. ஒரே குழு, முன்சோதனை, பயிற்சி, பின்சோதனை: இந்த வடிவத்தைக் கைவிடுங்கள்.

நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இதே வடிவத்தில் ஆய்வுகள் வருகின்றன. முப்பது மாணவர்களுக்குப் பதற்ற அளவுகோல் கொடுப்பார்கள். ஆறு வாரம் யோகாவோ மூச்சுப் பயிற்சியோ நடக்கும். மறுபடி அளந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும். பயிற்சி பலன் தந்தது என்று எழுதிவிடுவார்கள்.

டொனால்ட் கேம்பலும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963-இல் பதினாறு வடிவமைப்புகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றின் ஓட்டைகளையும் சொன்னார்கள். இந்த ஒரு குழு வடிவத்தை உண்மைச் சோதனை என்ற வரிசையில் அவர்கள் சேர்க்கவே இல்லை. ஏன் என்று பாருங்கள். அந்த ஆறு வாரத்தில் தேர்வு முடிந்திருக்கலாம். புதிய விடுதி பழகியிருக்கலாம். அதே கேள்வித்தாளை இரண்டாம் முறை பார்க்கும்போது பதில் சொல்லும் விதமே மாறும். நடுவில் நின்று போனவர்கள் அதிகப் பதற்றம் உள்ளவர்களாக இருந்தால், மிஞ்சியவர்களின் சராசரி தானாகவே குறையும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது சராசரியை நோக்கிய பின்னடைவு. நூறு பேரில் மிக அதிகப் பதற்றம் காட்டிய முப்பது பேரைப் பொறுக்கி எடுக்கிறீர்கள். அவர்களில் சிலர் அன்றைய தினம் மட்டும் மோசமாக இருந்தவர்கள். முதல் நாள் இரவு தூங்கியிருக்க மாட்டார்கள், காலையில் யாரோடோ சண்டை. அடுத்த முறை அளக்கும்போது அவர்கள் தங்கள் வழக்கமான நிலைக்கு இறங்கியிருப்பார்கள். நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அந்தச் சராசரி குறைந்திருக்கும். "குறைந்ததே, கண்ணால் பார்த்தேனே!" என்று மாணவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. குறைந்தது மெய், காரணம்தான் தெரியாது. அதே நூறிலிருந்து எடுத்த முப்பதைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சியைத் தள்ளிவைத்திருந்தால், தேர்வு, விடுதி, பின்னடைவு எல்லாம் இரு பாதிக்கும் பொதுவாகப் போயிருக்கும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

5. கட்டுப்பாட்டுக் குழு சும்மா உட்கார்ந்திருக்கும் குழு அல்ல.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்களின் சராசரி மணிக்கு 40 மைலுக்கு மேல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்களுக்கு 31.8.

அவர்களின் இரண்டாம் சோதனையில்தான் கட்டுப்பாட்டுக் குழுவின் அருமை தெரிகிறது. 150 பேர், மூன்று ஐம்பதுகள். ஒரு குழுவிடம் "நொறுங்கியபோது", இன்னொரு குழுவிடம் "இடித்தபோது". மூன்றாம் குழுவிடம் வேகம் பற்றிய கேள்வியே இல்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. பார்த்தேன் என்றவர்கள் முறையே 16, 7, 6 பேர். மூன்றாம் குழு இல்லையென்றால், "நொறுங்கியபோது" என்ற சொல் நினைவைக் கூட்டியதா, "இடித்தபோது" என்ற சொல் குறைத்ததா என்று சொல்ல முடியாது. அந்த 6 பேர் இருப்பதால், கூட்டியது முதல் சொல்தான் என்று தெரிகிறது.

இங்கே முன்சோதனை கிடையாது என்பதையும் கவனியுங்கள். சமவாய்ப்பில் பிரித்துவிட்டால் பல நேரங்களில் பின்சோதனை மட்டுமே போதும். முன்சோதனையே ஆட்களை உஷார்ப்படுத்திவிடும் என்ற சந்தேகம் இருந்தால் ரிச்சர்ட் சாலமன் 1949-இல் சொன்ன நான்கு குழு வடிவத்தைப் பாருங்கள். இரண்டு குழுக்களுக்கு முன்சோதனை உண்டு, இரண்டுக்கு இல்லை. ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்குப் பயிற்சி. ஆட்கள் இரட்டிப்பாக வேண்டும் என்பதால் ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அதை நான் சொல்வதில்லை.

பயிற்சி தரும் ஆய்வில் மற்ற குழுவுக்கும் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கூடுவதும், ஒருவர் அக்கறையோடு கேட்பதுமே மனத்தை மாற்றக்கூடியவை.

6. அதே ஆட்களையே இரு நிலைகளிலும் சோதிப்பதா, வேறு வேறு ஆட்களா? இதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.

அதே ஆட்கள் என்றால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான வேறுபாடு கணக்கிலிருந்து விலகிவிடும், குறைந்த ஆட்களே போதும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை அப்படிப்பட்டது. நிறச் சதுரங்கள் நூறின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63.3 வினாடி ஆனது. வேறொரு நிறத்தின் பெயரை எழுதிய மையின் நிறத்தைச் சொல்ல அதே மாணவர்களுக்கு 110.3 வினாடி. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு.

இதற்குக் கொடுக்கும் விலை, வரிசை. முதலில் செய்தது அடுத்ததைத் தொட்டுவிடும். இனிப்பைத் தின்ற வாயோடு காப்பி குடித்துவிட்டுக் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்வதுபோல. பயிற்சியால் கை பழகும், நேரம் போகப்போகச் சலிப்பு தட்டும். இரண்டு நிலைகள் என்றால் பாதிப் பேருக்கு ஒரு வரிசை, மீதிப் பேருக்கு மறு வரிசை. மூன்று என்றால் ஆறு வரிசைகள், எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். நான்கு என்றால் 24 ஆகிவிடும். அப்போது இந்த நான்கு வரிசைகளை எழுதிக்கொள்ளுங்கள்: 1-2-4-3, 2-3-1-4, 3-4-2-1, 4-1-3-2. ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அடுத்து மற்ற ஒவ்வொன்றும் ஒருமுறை வருகிறது. இப்படி அமைந்ததைச் சமன்செய்த லத்தீன் சதுரம் என்பார்கள். நீங்களே விரல் வைத்துச் சரிபாருங்கள்.

ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டவரைக் கற்காதவராக ஆக்க முடியாது. லாஃப்டஸ் செய்ததை ஒரே ஆளிடம் இரண்டு வினைச்சொற்களோடு கேட்டிருந்தால் நோக்கம் உடனே வெளிப்பட்டிருக்கும். அத்தகைய இடங்களில் வேறு வேறு ஆட்கள்தான்.

7. இரண்டு காரணிகளை ஒன்றாகப் போட்டுப் பார்க்கப் பயப்படாதீர்கள்.

டங்கன் காடனும் ஆலன் பேட்லியும் 1975-இல் வெளியிட்ட முக்குளிப்போர் ஆய்வைத்தான் காரணி வடிவமைப்பு நடத்தும்போது எப்போதும் எடுப்பேன். ஸ்காட்லாந்தின் ஓபன் கடற்கரை. முக்குளிப்பவர்கள் 36 சொற்களைக் கரையில் கேட்டுக் கற்பார்கள், அல்லது நீருக்கடியில் கேட்டுக் கற்பார்கள். நினைவுகூர்வதும் கரையிலோ நீருக்கடியிலோ. நான்கு சேர்க்கைகள், ஒவ்வொருவரும் நான்கையும் வேறு வேறு நாளில் செய்தார்கள். கரையில் கற்றுக் கரையில் சொன்னால் சராசரி 13.5 சொற்கள், நீரில் சொன்னால் 8.6. நீரில் கற்று நீரில் சொன்னால் 11.4, கரையில் சொன்னால் 8.4.

இந்த நான்கு எண்களைக் காகிதத்தில் கோடு போட்டு வரைந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும். சொல்லும் இடத்தை மட்டும் தனியே எடுத்தால் கரைக்கும் நீருக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை, 10.95-க்கும் 10-க்கும் உள்ளதுதான். கற்ற இடமும் சொன்ன இடமும் பொருந்துகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதை இடைவினை என்கிறோம். ஒவ்வொரு காரணியையும் தனித்தனி ஆய்வாக நடத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அவர்கள் அடுத்துச் செய்ததை அதிகம் பேர் படிப்பதில்லை. இடம் மாறும்போது நீரில் இறங்குவதும் ஏறுவதும் ஆன அந்தச் சிரமமே நினைவைக் கலைத்திருக்கலாமே? இதுதான் நான் சொல்லும் இன்னொரு விளக்கம். அதற்காகவே ஒரு தனிச் சோதனை நடத்தினார்கள். கரையில் கற்றவர்களை இடையில் நீரில் இறக்கி முக்குளிக்கவைத்து, மறுபடி கரையிலேயே நினைவுகூரச் சொன்னார்கள். மறதி கூடவில்லை. இடையூறு என்ற விளக்கம் அங்கே விழுந்தது.

இன்னும் முடியவில்லை. யாப் முர்ரே நெதர்லாந்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்து 2021-இல் வெளியிட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நேர்த்தியான வடிவமைப்புக்கும் இது நேரும். ஆகவே மறுபடி செய்து பார்க்கும் ஆய்வைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். முதுகலை ப்ராஜெக்டுக்கு அதைவிடப் பயனுள்ள தலைப்பு அரிது.

8. அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலருக்கு இவை புதிர்வழியில் கெட்டிக்கார எலிகள் என்றும் சிலருக்கு இவை மந்தமானவை என்றும் சொன்னார்கள். கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களின் எலிகள் அதிகம் தேறின. எலியே இப்படி என்றால் மனிதர் எப்படியிருப்பார்? நேர்காணல் எடுத்து மதிப்பெண் போடுவது உங்கள் தோழியாக இருக்கட்டும். குழுப் பட்டியல் உங்களிடம் இருக்கட்டும்.

9. முப்பது பேர் போதும் என்று யார் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

இரு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாடு உண்மையிலேயே இருந்தால், அதைப் பத்தில் எட்டு முறை பிடிக்க, வழக்கமான 5 சதவீத அளவுகோலில், குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய வேறுபாடு என்றால் 393. ஜேக்கப் கோஹன் 1962-லேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். அவ்வளவு பேர் கிடைக்காது என்றால் ஆட்களைத் திரும்ப அளக்கும் வடிவத்துக்கு மாறுங்கள், அல்லது பெரிய விளைவை எதிர்பார்க்கக்கூடிய கேள்வியை எடுங்கள். எண்ணிக்கையைக் கைடு சொன்னார் என்று மட்டும் எழுதாதீர்கள்.

10. அளவுகோலுக்கு மேலும் கீழும் இடம் இருக்கட்டும். நினைவுச் சோதனையில் எல்லாரும் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினால் எந்தப் பயிற்சியும் எதையும் உயர்த்திக் காட்ட முடியாது. பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்தால் ஒரே பகலில் தெரிந்துவிடும்.

11. ஒரு பள்ளியில் பயிற்சி, இன்னொரு பள்ளி கட்டுப்பாடு என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு பள்ளிகள்.

ஒவ்வொன்றிலும் எண்பது பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் தலைமையாசிரியர், மாணவர்களின் வீட்டு நிலை, பாடம் நடத்தும் வேகம் எல்லாம் பள்ளியோடு சேர்ந்தே மாறுகின்றன. பயிற்சியின் விளைவையும் பள்ளியின் விளைவையும் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. முடிந்தால் இரு பள்ளிகளுக்குள்ளும் பிள்ளைகளைச் சமவாய்ப்பில் பிரியுங்கள். ஆசிரியர் வகுப்பைக் கலைக்க ஒப்பமாட்டார் என்றால் பல வகுப்புகளை எடுத்து வகுப்புகளைச் சீட்டுக் குலுக்குங்கள். அதுவும் முடியாதபோது பகுதிச் சோதனை என்று வெளிப்படையாகப் பெயரிட்டு, எந்தெந்த விளக்கங்கள் மறிக்கப்படாமல் நிற்கின்றன என்று எழுதுங்கள். அதைப் படித்து எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.

12. தரவு கைக்கு வரும் முன், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள்.

ஜோசஃப் சிமன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூவரும் 2011-இல் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். பீட்டில்ஸ் குழுவின் "வென் ஐ'ம் சிக்ஸ்டி-ஃபோர்" பாடலைக் கேட்ட மாணவர்கள், வேறொரு இசையைக் கேட்டவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை வயது இளையவர்களாக ஆனார்கள் என்று புள்ளியியல்படி நிறுவினார்கள். மனநிலையில் இளையவர்கள் என்றல்ல, பிறந்த தேதிப்படியே! பாட்டு வயதைக் குறைக்காது என்பது யாருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது, எந்த மாறியைச் சேர்ப்பது, எந்தக் குழுவை விட்டுவிடுவது என்பதையெல்லாம் முடிவைப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தால் எதையும் நிறுவிவிடலாம் என்று காட்டவே அதைச் செய்தார்கள். 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் முடிவு மறுபடி புள்ளியியல் முக்கியத்துவத்தை எட்டியது. மூல ஆய்வுகளில் அது 97 சதவீதம். இந்தத் துறையை நேசிக்கிற எவருக்கும் இந்த எண்கள் வலிக்கும்.

கருதுகோள், ஆட்களின் எண்ணிக்கை, யாரை எக்காரணத்தால் நீக்குவீர்கள், எந்தக் கணக்கீடு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு வேறு எதையாவது கண்டால் தாராளமாக எழுதலாம், "இது பின்னால் கண்டது" என்ற குறிப்போடு.

13. உங்கள் முன் உட்காருபவர் உங்களுக்கு உதவி செய்ய வந்தவர்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-இல் வெளியிட்ட சோதனையில் 40 பேரில் 26 பேர், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பியே, 450 வோல்ட் என்று எழுதியிருந்த விசைவரை அழுத்தினார்கள். மின்சாரம் பொய், அவர்கள் வியர்த்து நடுங்கியது மெய். அந்த நடுக்கத்துக்கு யார் பொறுப்பு என்ற விவாதம் அன்று தொடங்கியது. இன்று நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் தொடங்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். உங்கள் சொந்த வகுப்பு மாணவர்களை வைத்துச் சோதனை செய்தால், அவர்களால் உங்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். ஒப்புதல் வாங்கும் வேலையை அவர்களுக்கு மதிப்பெண் போடாத ஒருவரிடம் கொடுங்கள். எதையாவது மறைத்துச் சோதித்திருந்தால் அன்றே, அவர் எழுந்து போகும் முன், எதை ஏன் மறைத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பயிற்சியைத் தள்ளிவைத்த குழுவுக்கும் பிறகு அதே பயிற்சியை நடத்துங்கள். அதற்கான நாட்களையும் முதல் நாள் அட்டவணையிலேயே குறித்து, தலைமையாசிரியரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.